.303 ரீலோடிங்: கூடு அடியில் அறுந்துபோகாமல் இருக்க எந்த வழி?

ஜூலை, ஆகஸ்டில் பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்கு வரும் நம் பிள்ளைகளில் அங்கே சுடும் கிளப்பில் சேர்ந்திருப்பவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. தாத்தாவோ அப்பாவோ சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரராக, இருந்த வீடுகளில் பழைய ராணுவ ரைஃபிள் மேல் ஒரு பிரியம் இருக்கத்தான் செய்யும். 2012-ல் அங்கே போட்ட ஆயுதச் சட்டம் 2013 செப்டம்பரில் அமலுக்கு வந்தது, ராணுவத் தோட்டா அளவு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு போல்ட் ரைஃபிளைத் தனியாக ஒதுக்கும் பழைய முறை அதோடு போயிற்று, அப்புறம் .303 தோட்டா சுடும் லீ என்ஃபீல்டும் மோசின் நாகனும் லெபெலும் உரிமம் உள்ளவர் கைக்கு எளிதாகவே வருகின்றன. ரைஃபிள் வந்ததும் தோட்டா விலை கட்டுப்படியாகாமல் ரீலோடிங்கில், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டிலேயே மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து நிரப்புவதில், இறங்குகிறார்கள். இறங்கியவர்கள் கொஞ்ச நாளில் கேட்பது ஒன்றுதான்: "மாமா, புதுக் கூடு, மூணாவது தடவையே அடிப்பக்கம் அறுந்து பாதி சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கிச்சு. ஃபுல் லெங்த் டையைத் தூக்கிப் போட்டுட்டு நெக் டை வாங்கிடவா?"

சேம்பர் என்பது குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறை. ஃபுல் லெங்த் டை, சுட்டு ஊதிய கூட்டை முழுசாக அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு, நெக் டை கழுத்தை மட்டும் அழுத்தும். வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது இருக்கிறது. .303 போல அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உள்ள தோட்டாவுக்கு அந்த விளிம்பு உதவுவது முதல் தடவை சுடும்போதுதான். இரண்டாவது தடவையிலிருந்து கூட்டைத் தோளில், அதாவது உடல் கழுத்தாகச் சரியும் இடத்தில், முட்டி நிற்க வைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஒவ்வொரு டையையும் ஒவ்வொரு யோசனையையும் இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான காரணங்கள்.

இது அங்கே உரிமம் வைத்துச் சுடுபவர்களுக்காக எழுதுவது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட அளவு. அதனால்தான் இங்கே உரிமம் உள்ளவர்களிடம் .315 இருக்கிறது, இஷாப்பூர் ஆலையில் லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே செய்தது, அதன் தோட்டாவும் விளிம்பு வகைதான். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் உட்கார்ந்து இதைச் செய்து பார்க்கும் பேச்சே வேண்டாம். என்னிடம் காட்டுவதற்காகக்கூட ஒரு காலிக்கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள், படம் எடுத்து அனுப்பினால் போதும்.

## எங்கே அறுகிறது, ஏன் அறுகிறது

7.62 நேட்டோ போன்ற விளிம்பில்லாத தோட்டா, சேம்பருக்குள் தோளில் முட்டி நிற்கும். .303 அப்படியல்ல. விளிம்பு குழலின் பின்முகத்தில் மாட்டிக்கொள்ளும், அதற்குமேல் தோட்டா உள்ளே போகாது. 1888-ல் கரிமருந்துக் காலத்தில் வந்த வடிவம் அது. தோள் எங்கே இருந்தாலும் தோட்டா உட்கார்ந்து வெடித்துவிடும் என்பதால் ராணுவ ரைஃபிள்களில் சேம்பரின் தோள் பக்கத்தைத் தாராளமாகவே குடைந்து வைத்தார்கள். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் சேறு ஒட்டிய தோட்டாவும் சிக்காமல் உள்ளே போக வேண்டும், சுட்ட கூட்டை மறுபடி எடுத்து நிரப்பப் போவது யார்? அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் சரியான முடிவுதான்.

நமக்குத்தான் சிக்கல். சுடும் ஊசி அடித்ததும் தோட்டா முன்னால் தள்ளப்பட்டு விளிம்பில் நிற்கிறது, கூட்டின் அடிப்பக்கத்துக்கும், சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. மருந்து எரிந்து அழுத்தம் ஏறியதும் கூட்டின் மெல்லிய முன்பாதி ஊதிப்போய் சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அடிப்பாகம் தடிமனானது, அது பிடிக்காது. அதனால் அடி மட்டும் பின்னால் நகர்ந்து போல்ட் முகத்தில் போய் இடிக்கிறது. பிடித்த பகுதிக்கும் நகர்ந்த பகுதிக்கும் நடுவே, அடியிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. மேலே, பித்தளை இழுபட்டு மெலிகிறது. லீ என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்னால் இருப்பதால் போல்ட்டே அழுத்தத்தில் கொஞ்சம் அமுங்கி நீளும், அந்த அளவுக்கு இன்னும் இழுப்பு. மோசினிலும் லெபெலிலும் காதுகள் முன்னால், அங்கே இந்தக் கூடுதல் இழுப்பு குறைவு. ஆனால் தோள் தாராளமாக இருந்தால் மற்ற கதை அங்கேயும் அதேதான்.

எவ்வளவு இடைவெளி என்று கேட்டால்: குழலுக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவில் விளிம்புக்கு உள்ள இடத்தை அளக்கும், .303-க்கான பழைய ராணுவ கேஜ் 1.63 மி.மீ.யில் தொடங்கி 1.88 மி.மீ. வரை சரி என்று விட்டுவிடும். உங்கள் கூட்டின் விளிம்பு 1.5 மி.மீ. தடிமன்தான் என்று வையுங்கள், கேஜில் தேறிய ரைஃபிளிலேயே 0.38 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். ரைஃபிளில் குறையே இல்லாமல் கூடு அறுவதன் கணக்கு இதுதான். அதனால் டை வாங்கும் முன் ஒரு காலிப்பர் வைத்து உங்கள் கூடுகளின் விளிம்பை அளந்து பாருங்கள். ஒரே பெட்டியில்கூட வித்தியாசம் இருக்கும்.

ஒருமுறை இழுபட்டதால் மட்டும் கூடு போய்விடாது. அதை டைக்குள் விட்டுத் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டால், அடுத்த தடவை அதே இடத்தில் இன்னொரு இழுப்பு, அதற்கடுத்து இன்னொன்று. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவது மாதிரி அது ஒரு நாள் அறும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது பாதுகாப்பு. கூடு அறும்போது வாயு பின்னால் வரும், அது முகத்துக்கு நேரே. கண்ணாடி இல்லாமல் சுடவே கூடாது என்பது எந்த வழியை எடுத்தாலும் மாறாது.

அடுத்தது கூட்டின் ஆயுள். இதை எண்ணிக்கையில் சொல்வதைவிட உள்ளே பள்ளம் விழ எவ்வளவு நாள் தள்ளிப்போகிறது என்று பார்ப்பது மேல். மூன்றாவது, உங்களிடம் ஒரு ரைஃபிளா இரண்டா, கூடுகள் ஒன்றோடொன்று கலக்குமா என்பது. கடைசியாக நேரமும் மறைச்செலவும். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டை விலையை மட்டும் பார்க்கிறார்கள், நீளம் வெட்டும் கருவி, கேஜ், வீணாகும் கூடு, சேம்பரில் மாட்டிய பாதிக்கூட்டை எடுக்கும் கருவி இதெல்லாம் கணக்கில் வருவதே இல்லை.

இவை எல்லாவற்றையும் சோதிக்க ஒரே கருவி போதும், அது காசே இல்லாத கருவி. சைக்கிள் கடையில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி வாங்கி, நுனியைக் கூராக ராவி, ஒரு 2 மி.மீ. அளவுக்கு எல் மாதிரி மடக்குங்கள். கூட்டின் வாய் வழியாக உள்ளே விட்டு, அடியைத் தொட்டபின் சுவரை ஒட்டியே மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் அடியிலிருந்து 1 செ.மீ. பக்கத்தில் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது விரலுக்குத் தெரியும். தெரிந்தால் அந்தக் கூட்டின் கதை முடிந்தது. வெளியே பளபளவென ஒரு வளையம் தெரிவதை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். டை நின்ற இடத்தில் விழும் கோடும் அப்படித்தான் இருக்கும். உள்ளே கம்பி சொல்வதுதான் தீர்ப்பு. சந்தேகம் தீராவிட்டால் அந்தத் தொகுப்பில் ஒரு கூட்டைப் பலி கொடுத்து, ரம்பத்தால் நெடுக அறுத்துப் பாருங்கள், சுவர் மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

## வழி 1: ஒவ்வொரு தடவையும் ஃபுல் லெங்த் டையில் முழுசாக அழுத்துவது

டையோடு வரும் தாளில் இருப்பது இதுதான்: கூட்டின் விளிம்பைப் பிடித்து டைக்குள் தள்ளும் ஷெல் ஹோல்டர் டையைத் தொடும்வரை டையை இறக்கு, அப்புறம் இன்னும் ஒரு கால் சுற்று. அந்தத் தாள் எந்த ரைஃபிளிலும் தோட்டா உட்கார வேண்டும் என்று நினைத்து எழுதியது. உங்கள் ரைஃபிளின் சேம்பர் எப்படி என்று அதற்குத் தெரியாது.

நல்லது என்று பார்த்தால், கூடு எங்கும் சிக்காது, யார் ரைஃபிளிலும் போகும். இரண்டு மூன்று .303 வைத்திருந்து கூடுகளைப் பிரித்து வைக்க முடியாதவருக்கும், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய் இரண்டாவது தோட்டா தடங்கலில்லாமல் உள்ளே போயே ஆக வேண்டும் என்பவருக்கும் இது சரி. கிளப்பில் பொறுக்கிய, யார் சுட்டது என்று தெரியாத கூட்டுக்கும் முதல் ஒரு தடவை இதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனால் தளர்ந்த சேம்பரில் இரண்டு மூன்று சுடுதலிலேயே உள்ளே பள்ளம் விழ ஆரம்பித்துவிடும், மேலே கேட்ட பிள்ளைக்கு நடந்தது அதுதான். இன்னொரு செலவும் உண்டு, அது பலருக்கும் பிடிபடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் கூடு நீளும். .303 கூட்டின் உச்ச நீளம் 56.44 மி.மீ., அதைத் தாண்டினால் கழுத்து நுனி சேம்பர் முனையில் சிக்கிக் குண்டை இறுக்கும், அழுத்தம் ஏறும், அதனால் வெட்டியே ஆக வேண்டும். வெட்டி வீசும் அந்தப் பித்தளை வானத்திலிருந்து வரவில்லை, கூட்டின் சுவரிலிருந்து ஊர்ந்து வந்தது. அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கிறது என்றாலே கம்பியை எடுத்து உள்ளே விட்டுப் பாருங்கள். அப்புறம் டைக்குள் விடும் முன் கூட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டும், தடவியதை ஒன்றுவிடாமல் துடைக்கவும் வேண்டும். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

## வழி 2: கழுத்தை மட்டும் அழுத்துவது

இங்கே தோளும் உடலும் தொடப்படுவதே இல்லை. முதல் சுடுதலில் கூடு உங்கள் சேம்பரின் வடிவத்துக்கே ஊதி வார்க்கப்பட்டிருக்கும், அது அப்படியே இருக்கும், அடுத்த தடவை தோள் சேம்பரில் முட்டும், அடி பின்னால் போல்ட்டை ஒட்டியே இருக்கும். இழுபட இடமே இல்லை. ஒரே ரைஃபிள், இலக்குப் பலகை, அளவான மருந்து என்றிருப்பவருக்குக் கூடு நீண்ட நாள் வரும்.

கழுத்து டையில் இரண்டு வகை. சாதாரண வகை கழுத்தை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டு, உள்ளே ஒரு உருண்டையை இழுத்து மறுபடி விரிக்கும், அந்த இழுப்பில் கழுத்து கோணலாவதும் நீளுவதும் உண்டு. டை செய்யும் லீ கம்பெனியின் (லீ என்ஃபீல்டோடு சம்பந்தமில்லை) காலெட் வகை, நடுவில் ஒரு கம்பியை வைத்து வெளியிலிருந்து விரல்கள் போல அழுத்தும். எண்ணெய் வேண்டாம், கூடு அதிகம் நீளாது. கழுத்து மட்டும் என்று முடிவு செய்துவிட்டால் காலெட் வாங்குங்கள், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

இதன் குறை மெதுவாகத்தான் தெரியும். ஒவ்வொரு சுடுதலிலும் கூடு சேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறைத்துக்கொண்டே போகும். லீ என்ஃபீல்டின் பின்பூட்டு வளைந்து கொடுப்பதால் அதில் இது சீக்கிரமே வரும். சில தடவைகளில் போல்ட் இறுகும், கைப்பிடியைத் தட்டி மூட வேண்டி வரும், அப்போது எப்படியும் ஃபுல் லெங்த் டையிடம் திரும்பிப் போக வேண்டும். ஆக இரண்டு டைக்கும் செலவு. பழைய ராணுவ சேம்பர் சரியான வட்டமாக இல்லாவிட்டால், கூடு முதலில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வைத்தால்தான் சுலபமாகப் போகும் என்ற தொல்லையும் உண்டு. கூடுகள் அந்த ஒரு ரைஃபிளுக்கே சொந்தமாகிவிடும். ரைஃபிளை விற்றால் கூடுகளையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

## வழி 3: ஃபுல் லெங்த் டையைத் தூக்கி வைத்துத் தோளை நூலிழை மட்டும் தள்ளுவது

நான் எல்லாருக்கும் சொல்வது இதைத்தான். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், கையில் இருக்கும் ஃபுல் லெங்த் டையே போதும், அதை முழுசாக இறக்காமல் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். போல்ட் லேசான பிடியோடு மூடும் அளவுக்கு மட்டும் தோளைப் பின்னால் தள்ளுவது, அதாவது ஒரு 0.05 மி.மீ.

எப்படி நிறுத்துவது? சேம்பரில் இறுகலாக உட்காரும் ஒரு சுட்ட கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அடியில் இருக்கும் பிரைமரை, அதாவது மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடியை, தட்டிவிடுங்கள், போல்ட்டில் சுடும் ஊசியைக் கழற்றிவிட்டால் விரலுக்கு உணர்வு சுத்தமாகத் தெரியும். தோளில் மார்க்கர் பேனாவால் பூசுங்கள். டையைத் தாராளமாகத் தூக்கி வைத்து அழுத்துங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், ஒவ்வொரு தடவையும் ரைஃபிளில் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் போல்ட் முன்பைவிட இறுக்கமாகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். டை உடலைப் பிழிவதால் பித்தளை முன்னால் நகர்ந்து தோள் தற்காலிகமாக முன்னே போகிறது, டை தோளைத் தொட்டதும்தான் அது பின்னால் வரத் தொடங்கும். பேனா மையில் தோள் முழுக்கத் தடம் விழுவதும் போல்ட் இளகுவதும் அநேகமாக ஒரே சமயத்தில் நடக்கும். அங்கேதான் நிற்க வேண்டும்.

டையின் மரை ஒரு அங்குலத்துக்கு 14 புரி, ஒரு சுற்று சுற்றினால் 1.81 மி.மீ. இறங்கும். தாளில் சொன்ன அந்தக் கால் சுற்று 0.45 மி.மீ., நமக்கு வேண்டியதோ 0.05, கிட்டத்தட்ட 10 டிகிரி திருப்பு. கண்ணால் மதிப்பிட்டுத் திருப்பினால் தாண்டிவிடுவீர்கள். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபில்லர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) ஒன்று வாங்கி, ஷெல் ஹோல்டருக்கும் டைக்கும் நடுவில் எந்தத் தகடு போகிறதோ அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை டையைக் கழற்றி மாட்டினாலும் அதே இடத்துக்கு வரலாம். புதுச்சேரி நெல்லித்தோப்புப் பக்கம் வண்டி உதிரிபாகக் கடையில் வாங்கிக்கொண்டு போகலாம், அதை எந்த விமான நிலையத்திலும் யாரும் கேட்கப் போவதில்லை, பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இதன் செலவு பொறுமை. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனி அளவு, வேறு கம்பெனிக் கூடு வாங்கினால் மறுபடி சரிபார்க்க வேண்டும். கழுத்து கடினமாகிப்போன பழைய கூடு அழுத்தியபின் ஸ்பிரிங் போலத் திரும்பிவிடும், அப்போது ஒரே டை அளவில் ஒரு கூடு இளகலாகவும் இன்னொன்று இறுக்கமாகவும் வரும்.

| | முழு அழுத்தம் | கழுத்து மட்டும் | தோளை நூலிழை |
|---|---|---|---|
| அடியில் அறும் ஆபத்து | தளர்ந்த சேம்பரில் அதிகம் | குறைவு | குறைவு |
| போல்ட் மூடுவது | எப்போதும் இளகல் | போகப் போக இறுகும் | ஒரே மாதிரி |
| வேறு ரைஃபிளில் போகுமா | போகும் | பெரும்பாலும் போகாது | சந்தேகம்தான் |
| எண்ணெய் தடவல் | வேண்டும் | காலெட்டில் வேண்டாம் | வேண்டும் |
| மறைச்செலவு | கூடு, நீளம் வெட்டும் நேரம் | இரண்டாவது டை | ஆரம்பத்தில் சரிபார்க்கும் நேரம் |

## முதல் சுடுதலை என்ன செய்வது

மேலே சொன்ன மூன்றும் இரண்டாவது தடவையிலிருந்துதான். புதுக் கூடு முதல் தடவை விளிம்பில்தான் நிற்கும், அந்த ஒரு தடவையிலேயே பெரிய இழுப்பு விழுந்துவிட்டால் பிறகு எவ்வளவு கவனமாக டை வைத்தாலும் பாதி ஆயுள் ஏற்கெனவே போயிருக்கும். இதைக் கவனிக்காமல் டை பற்றியே பேசிக்கொண்டிருப்பது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தீர்வு ஒரு ஓரிங்தான். குழாய், பம்ப் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் ஓரிங். விளிம்புக்கு முன்னால் கூட்டைச் சுற்றி மாட்டி, தோட்டாவைக் கையால் ஒவ்வொன்றாகச் சேம்பரில் வைத்து போல்ட்டை மூடினால் ரப்பர் நசுங்கி அடியைப் போல்ட் முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். வெடிக்கும்போது அடி நகர இடமில்லை, நீள்வதற்குப் பதில் தோள்தான் முன்னால் ஊதும். அங்கே சுவர் ஊதிக்கொடுக்கும், அறாது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து இப்படி ஏற்ற முடியாது, ரப்பர் துணுக்கு உள்ளே தங்கினால் எடுக்க வேண்டும், புதுப் பெட்டி முழுக்க ஒரு தடவை இப்படிச் சுட ஒரு காலை நேரம் போகும். மிதமான மருந்து அளவிலேயே செய்யுங்கள்.

சிலர் கழுத்தை முதலில் பெரிய அளவுக்கு விரித்துவிட்டு, பிறகு பாதிவரை மட்டும் சுருக்கி, நடுவில் ஒரு பொய்த் தோள் விட்டு அதில் முட்ட வைப்பார்கள். வேலை செய்யும், ஆனால் கூடுதல் டை, கழுத்துக்குக் கூடுதல் அலைச்சல். மேகசினிலிருந்தே சுட்டாக வேண்டும் என்பவர்கள் தவிர யாருக்கும் அவசியமில்லை.

இன்னொரு யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது: தோட்டாவுக்கு எண்ணெய் தடவிச் சுட்டால் கூடு சுவரைப் பிடிக்காது, முழுசாகப் பின்னால் வழுக்கும், நீளாது என்று. நீளாது என்பது உண்மைதான். சுவர் தாங்க வேண்டிய சுமை முழுவதும் போல்ட்டுக்குப் போகிறது என்பதும் உண்மை. பிரிட்டிஷ் ஆலைகள் லீ என்ஃபீல்டைச் சோதிக்கும்போது எண்ணெய் தடவிய தோட்டாவைச் சுட்டதே போல்ட்டுக்கு அளவுக்கு மீறிய சுமை கொடுத்துப் பார்க்கத்தான். எண்பது தொண்ணூறு வயதான ரைஃபிளை ஒவ்வொரு தோட்டாவிலும் அந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாம். மழையில் நனைந்த தோட்டாவுக்கும் இதே பேச்சுதான், டை எண்ணெயைத் துடைக்கச் சொன்னதும் இதற்காகவே.

## ரைஃபிளையே சரிசெய்தால் ஆகாதா

லீ என்ஃபீல்டின் நம்பர் 4 வகையில் போல்ட் ஹெட், அதாவது போல்ட்டின் முன்முனைத் துண்டு, தனியாகக் கழலும், 0 முதல் 3 வரை எண் போட்டிருக்கும், எண் ஏற ஏற நீளம் கூடும். கேஜ் வைத்துப் பார்த்து 1.88-ஐத் தாண்டினால் மாற்றத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை, மாற்றும்வரை சுடவும் கூடாது. ஆனால் கேஜில் தேறிய ரைஃபிளுக்குக் கூடு அறுகிறதே என்று போல்ட் ஹெட் தேடி அலைவது காசை வீணடிப்பது. எண் 3 லேசில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை. எண்ணை நம்பியும் வாங்க முடியாது, போட்டு அளந்தால்தான் நிஜ நீளம் தெரியும். அது குறைக்கும் இடைவெளியை முதல் சுடுதலில் ஒரு ஓரிங்கே குறைத்துவிடும், பிறகு தோள் பார்த்துக்கொள்ளும். பழைய நம்பர் 1 வகையில் இந்த எண் வசதியே கிடையாது.

## ரீலோடிங்கே வேண்டாம் என்றால்

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கிளப்புக்குப் போய் ஒரு பெட்டி சுட்டுவிட்டு வருபவர் பிரஸ், டை, தராசு என்று இறங்க வேண்டியதில்லை. செர்பியாவின் பிரவி பார்ட்டிசான், செக் நாட்டின் செலியர் பெலோ இரண்டும் .303-க்குத் தோட்டா விற்கின்றன, லெபெலுக்கும் பிரவியில் உண்டு. புதுக் கூடு, ஒரே சுடுதல், அறும் பயம் மிகக் குறைவு. பின்னால் மனசு மாறினால் என்று கூடுகளை மட்டும் பத்திரப்படுத்தி வையுங்கள், எந்த ரைஃபிளில் சுட்டது என்று பெட்டியில் எழுதி. பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். அதில் பல பெர்டன் பிரைமர், கூட்டின் அடியில் நடுத்துளை இருக்காது, அதனால் சாதாரண டையில் பிரைமரைத் தட்ட முடியாது. பிரைமர் விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும், சுட்ட அன்றே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போட வேண்டும்.

## கழுத்து வெடிப்பு வேறு நோய்

கூட்டின் வாயில் நீளவாக்கில் வெடித்தால் அது மேலே சொன்ன இழுப்பால் வந்ததல்ல. ஒவ்வொரு தடவையும் விரிந்து சுருங்கிப் பித்தளை கடினமாகிவிட்டது. அதற்கு வைத்தியம் காலிக்கூட்டுக்குச் சூடு காட்டுவதுதான்: கூட்டின் அடிப்பாதியை விரலில் பிடித்துக்கொண்டு கழுத்தை மட்டும் தீயில் சுழற்றுங்கள், பிடித்த இடம் சுடும்போது ஈரத்துணியில் போட்டுவிடுங்கள். அடி ஒருபோதும் சூடாகக் கூடாது, இளகிய அடி அழுத்தத்தைத் தாங்காது, அது அறுவதைவிட மோசமான ஆபத்து. இன்னொன்று, எவ்வளவு சூடு காட்டினாலும் அடியில் விழுந்த பள்ளம் திரும்பி நிறையாது. அந்த நம்பிக்கையில் பழைய கூட்டுக்கு ஆயுள் கொடுக்கப் பார்க்காதீர்கள்.

கழுவுவதில் ஒரு எச்சரிக்கை, இது நம் நாட்டு மழையோடு சேர்ந்த விஷயம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாப் பெட்டிகளை அடுக்கி வைத்தபோது, சுடாத தோட்டாக்களின் கூடுகள் தானாகவே வெடித்திருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, காற்றின் ஈரம், செய்யும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். செய்து முடித்த கூட்டை லேசாகச் சூடு காட்டி அந்த இழுவிசையைத் தணிப்பதுதான் தீர்வாயிற்று. ஆகவே அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், பித்தளைப் பாலிஷ் எதுவும் கூட்டின் பக்கம் வரக் கூடாது. வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி போடுகிறோமே, அந்த மாதிரி மென்மையான புளிப்பு, சிட்ரிக் அமிலக் கரைசல், போதும். சில நிமிஷம் ஊற வைத்து நன்றாக அலசி உலர்த்துங்கள். மறந்து ராத்திரி முழுக்க விட்டால் கூடு இளஞ்சிவப்பாகும், துத்தநாகம் வெளியேறிவிட்டது என்று அர்த்தம், அதில் மருந்து நிரப்பக் கூடாது.

கூடுகளை ஐம்பது ஐம்பதாகத் தொகுத்து, எந்த ரைஃபிள், எந்தக் கம்பெனி, எத்தனை தடவை என்று பெட்டியிலேயே எழுதி வையுங்கள், ஒரு தொகுப்பை மற்றதோடு கலக்காதீர்கள். தொகுப்பில் ஒரு கூட்டில் கம்பி பள்ளத்தில் இறங்கினாலும் மீதி அத்தனையையும் அன்றே ஒவ்வொன்றாகப் பாருங்கள், எல்லாம் ஒரே வாழ்க்கை வாழ்ந்தவை. கழிக்கும் கூட்டின் வாயைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும், கிளப்பில் அதைப் பொறுக்கி எடுக்கிறவருக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.